ஏசி புளோவர் 4இல் மட்டும்தான் ஓடுகிறது, நானே கழற்றிப் பார்க்கலாமா?

சுன்னாகத்தான்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2011ஆம் ஆண்டுச் சின்னக் கார். காற்று ஊதுகிற புளோவருக்குத் திருகி வைக்கும் சுவிச், நாலு வேகம். இரண்டு கிழமைக்கு முன்னர் வரைக்கும் ஒழுங்காக இருந்தது. இப்போது 1, 2, 3 மூன்றிலும் காற்று துளியும் இல்லை. 4இல் வைத்தால் மட்டும் பெரிய இரைச்சலோடு ஓடுகிறது. ஏசி வாயு குறையவில்லை, வருகிற காற்று நல்ல குளிர்.

கராஜ் ஒன்றில் காட்டினேன். டாஷ்போட் முழுக்கக் கழற்ற வேண்டும், மோட்டர் மாற்ற வேண்டும், மூன்று நாள் காரை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். அம்மாவைக் கிழமைக்கு இரண்டு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும், மூன்று நாள் காரில்லாமல் இருக்க முடியாது. கையில் ஒரு மீற்றரும் சாதாரண ஸ்பெனர் செற்றும் இருக்கின்றன. வயரிங் வேலை கொஞ்சம் தெரியும். நானே பார்க்கலாமா?


கோண்டாவில் வயர்மன்

தம்பி, 4இல் ஓடுகிற மோட்டரை ஏன் மாற்ற வேண்டும்? அது செத்திருந்தால் 4இலும் ஓடாது. உங்கள் குறை பெரும்பாலும் றெசிஸ்ரரில்தான்.

விளங்கப்படுத்துகிறேன். புளோவர் மோட்டர் 12 வோல்றில் ஓடும் சாதாரண மோட்டர்தான். வேகத்தைக் குறைப்பதற்கு அதனோடு தொடராக இரண்டு மூன்று கம்பிச் சுருள்களைப் போட்டிருப்பார்கள், அதுதான் றெசிஸ்ரர். 1இல் வைத்தால் கரன்ட் எல்லாச் சுருளுக்குள்ளாலும் போகும். 2இல் ஒன்று குறையும், 3இல் இன்னொன்று குறையும். 4இல் எந்தச் சுருளும் இல்லை, நேரடி. அந்தச் சுருள்களோடு ஒரு வெப்ப பியூசும் இருக்கும். அளவுக்கு மேல் சூடானால் அது அறுந்துவிடும். அறுந்தால் 1, 2, 3 மூன்றும் ஒரேயடியாகப் போகும், 4 மட்டும் மிஞ்சும். நீங்கள் எழுதியது அச்சொட்டாக அதுதான். 1 மட்டும் போய் 2, 3 ஓடியிருந்தால் ஒரு சுருள் அறுந்திருக்கிறது என்று சொல்லலாம்.

டாஷ்போட்டைத் தொடத் தேவையில்லை. நம்முடையது வலப்பக்க ஸ்ரியரிங் கார்கள், அதனால் பெரும்பாலும் இடப்பக்கக் கதிரைக்கு முன்னால், கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் புளோவர் இருக்கும். பக்கத்தில் இரண்டு ஆணியில் றெசிஸ்ரர் நிற்கும்.

கை வைக்க முதல் பற்றறியின் மைனஸைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். அந்தப் பக்கத்தில்தான் பயணியின் எயார் பாக் இருக்கிறது. மஞ்சள் நிற பிளக் எதையும் தொடவே வேண்டாம்.


வடமராட்சியான்

எனக்கும் இதே குறை வந்தது. றெசிஸ்ரரைக் கழற்றி, அந்தக் குட்டி பியூஸ் இருந்த இடத்தில் ஒரு செப்புக் கம்பியை ஈயத்தால் ஒட்டிவிட்டேன். ஒரு வருடமாக ஓடுகிறது, ஒரு சதமும் செலவில்லை.


கோண்டாவில் வயர்மன்

வடமராட்சித் தம்பி, கோபிக்க வேண்டாம். தயவுசெய்து இன்றைக்கே அதைக் கழற்றுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1இல் 4 அம்பியர் போகிறது, சுருள்களின் தடை 2 ஓம் என்று வைப்போம். 4 தர 4 தர 2, 32 வாற். ஈயம் பற்றவைக்கிற அயன் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இழுக்கும். அப்படி ஒரு அயனைப் பிளாஸ்ரிக் குழாய்க்குள் செருகி வைத்திருக்கிறோம். அது உருகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், புளோவரின் காற்று சுருளின் மேல் ஓயாமல் அடிப்பதுதான். காற்று நின்ற நிமிடம் சுருள் சிவந்துவிடும். அந்த நேரத்துக்காகத்தான் வெப்ப பியூஸை வைத்திருக்கிறார்கள். நீங்கள் கம்பி போட்ட பிறகு மோட்டர் இறுகினால் பெரிய பியூஸ் அறாது, ஏனென்றால் அது 25, 30 அம்பியர் வரைக்கும் தாங்கும். டாஷ்போட்டுக்குள் நெருப்புப் பிடிக்கும். பின் கதிரையில் பிள்ளைகளும் இருப்பார்கள்.


வடமராட்சியான்

சரி அண்ணை. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. நாளைக்கே கழற்றுகிறேன்.


பனிநாட்டான்

நான் இருப்பது கனடாவில், ஊர் மானிப்பாய். இங்கே குளிரில் இதே குறை வந்தால் நிலைமை வேறு. போன தை மாதம் வெளியில் −20 பாகை, என் காரின் ஹீற்றர் 4இல் மட்டும் ஓடியது, இரண்டு நாளில் அதுவும் நின்றது. உள்ளே மூச்சு விட விட முன்கண்ணாடி உட்பக்கமாக உறையும். சுரண்டிச் சுரண்டித்தான் ஓட வேண்டும்.

உங்கள் ஏசிக்கும் எங்கள் ஹீற்றருக்கும் மோட்டர் ஒன்றுதான். ஒரே காற்று முதலில் ஏசியின் குளிர்க் கூட்டுக்குள்ளால் போகும், பிறகு எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடும் கூட்டுக்குள்ளால் போகும் அல்லது அதைச் சுற்றிப் போகும். ஆகவே நான் கண்டதைச் சொல்கிறேன்: றெசிஸ்ரரின் பிளக்கை நன்றாகப் பாருங்கள். என்னுடையதில் ஒரு பின் தளர்ந்து, அந்த இடம் சூடேறி, பிளக் தவிட்டு நிறமாக உருகியிருந்தது. புது றெசிஸ்ரரைப் பழைய பிளக்கில் செருகியிருந்தால் ஒரு மாதத்தில் அதுவும் போயிருக்கும். வயர்த் துண்டோடு வருகிற புது பிளக் வாங்கி இறுக்கிப் போட்டேன்.


மல்லாகம் ரீச்சர்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னியுங்கள். என்னுடையது பாகை எண் காட்டுகிற ஒட்டோ ஏசி. அதில் இப்போது புளோவர் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது. பட்டனை அமத்தினாலும் குறைவதில்லை. இதுவும் றெசிஸ்ரர்தானா?


கோண்டாவில் வயர்மன்

ரீச்சர், ஒட்டோ ஏசியில் கம்பிச் சுருள் இருக்காது. அந்த இடத்தில் ஒரு பவர் ரான்சிஸ்ரர் இருக்கும், அலுமினியச் செட்டைகளோடு, அதே காற்றுக் குழாய்க்குள். அது உள்ளுக்குள் சோட் ஆனால் மோட்டர் முழு வேகத்தில் ஓடும், திறந்துபோனால் ஓடவே ஓடாது. அதைத் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். சாவியை எடுத்த பிறகும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கரன்டைத் திறந்து மூடும் றிலேயும் ஒட்டியிருக்கிறது. திருத்தும் வரைக்கும் இரவில் பியூஸைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் பற்றறி இறங்கிப்போயிருக்கும்.


சுன்னாகத்தான்

ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

கிளவ் பொக்ஸின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அமத்தினால் கழன்று கீழே தொங்குகிறது. பின்னால் முதலில் தெரிந்தது காற்று பில்ரர் வைக்கும் தட்டு. அதை இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்தபோது ஒரு பிடி சருகோடு வந்தது. வீட்டு முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழேதான் கார் நிற்பது. பில்ரரின் மடிப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் வேப்பம் சருகும் செம்மண் புழுதியும் அடைந்து, கையில் எடுத்தபோது செங்கல் மாதிரிக் கனத்தது. அதன் மேல் தேங்காய்த் தும்பும் கிழிந்த ரிசுவும் சேர்த்து எலி ஒரு கூடு கட்டியிருக்கிறது. கூட்டில் குட்டி இல்லை. பில்ரரின் ஒரு மூலையையும் அரித்து உள்ளே வழி வைத்திருக்கிறது.

அப்புறம் றெசிஸ்ரர். இரண்டு ஆணி. மூன்று சுருள், ஒன்று கறுத்திருந்தது. மீற்றரை வைத்துப் பார்த்தேன்: சுருள் மூன்றும் சேர்ந்து 2.3 ஓம், ஆனால் வெப்ப பியூஸுக்குக் குறுக்கே எதுவும் காட்டவில்லை. அறுந்துவிட்டது. பிளக் நல்ல நிலை.


கோண்டாவில் வயர்மன்

தம்பி, கையுறையும் மூக்குக்கு மாஸ்க்கும் போட்டீர்களா? எலி இருந்த இடத்தை வெறும் கையால் துடைக்கக் கூடாது. மாரிகாலத்தில் நம் பக்கம் எலிக்காய்ச்சல் வருகிறது, கையில் ஒரு கீறல் இருந்தால் போதும். கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டுத் துடையுங்கள்.

றெசிஸ்ரர் எரிந்த காரணமும் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். பில்ரர் அடைத்தால் மோட்டருக்குப் பாரம் கூடும் என்று பலர் சொல்லுவார்கள், உண்மையில் அப்படியில்லை. வீட்டு வாக்குவம் கிளீனரின் வாயைக் கையால் பொத்திப் பாருங்கள், மோட்டர் இன்னும் வேகமாகக் கூவும். தள்ளுவதற்குக் காற்றில்லை, ஆகவே பாரம் குறைவு. புளோவரும் அப்படித்தான். பில்ரர் அடைத்தால் மோட்டருக்கு ஒன்றும் ஆகாது, குளிர்க் காற்றுக் கிடைக்காமல் சுருள்தான் வேகும்.

ஆனாலும் றெசிஸ்ரரைப் பூட்டுவதற்கு முதல் புளோவர் சில்லை விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றி, விட்ட பிறகும் கொஞ்சம் ஓட வேண்டும்.


சுன்னாகத்தான்

சில்லு சுற்றுகிறது, கொஞ்சம் இறுக்கம் மாதிரி. புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரியாததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. டவுனில் ஒரு கடையில் றெசிஸ்ரரும் பில்ரரும் கிடைத்தன. பூட்டினேன். நாலு வேகமும் வேலை செய்கிறது! எல்லோருக்கும் மிக்க நன்றி.


பழைய ஒஸ்ரின்

நல்ல வேலை தம்பி. வாசிக்க எனக்குப் பழைய நாள் ஞாபகம் வருகிறது. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம், கரன்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். மோட்டருக்குள் உரசுகிற காபன் தேய்ந்தால் வாங்க முடியாது, கையில் கிடைத்ததை அரத்தால் ராவிப் போட்டோம். நம்முடைய கைக்கு அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக் காட்டுங்கள்.


சுன்னாகத்தான்

பன்னிரண்டு நாள்தான் ஓடியது. இன்று காலை மீண்டும் 1, 2, 3 இல்லை. புது றெசிஸ்ரரின் வெப்ப பியூஸும் அறுந்துவிட்டது. பில்ரர் புதிது, காற்று வழி சுத்தம். அப்படியென்றால் கடையில் தந்த சாமான் தரமில்லையா?


கோண்டாவில் வயர்மன்

சாமானைக் குறை சொல்ல முதல் மோட்டரைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு எழுதினீர்களே, கொஞ்சம் இறுக்கம் மாதிரி என்று. அதை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும்.

மோட்டரின் தண்டு இரண்டு வெண்கல புஷ்ஷுக்குள் (தண்டைத் தாங்கும் குட்டிக் குழாய்) சுற்றுகிறது. எண்ணெய் வற்றி அந்த புஷ் காய்ந்தால் மோட்டர் மெதுவாகச் சுற்றும், ஆனால் கரன்ட் கூட இழுக்கும். சுருளில் சூடு கூடும், அதே நேரத்தில் காற்றும் குறையும். இரண்டு பக்கத்தாலும் அடி.

4இல் எவ்வளவு அம்பியர் இழுக்கிறது என்று அளவுங்கள். உங்கள் மீற்றரின் 10 அம்பியர் துளையில் வைக்க வேண்டாம், மீற்றரின் பியூஸ் போகும். வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீற்றர்தான் வேண்டும். அதிலும் பலருடையது வீட்டுக் கரன்டான ஏசி மின் மட்டும் அளக்கும் வகை, காரில் அது பூச்சியம்தான் காட்டும். டிசி (பற்றறிக் கரன்ட்) அளக்கிற கிளாம்ப் யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

அதோடு 4இல் ஓடும்போது பிளக்கைக் கழற்றாமல், மோட்டரின் இரண்டு பின்னுக்கும் குறுக்கே வோல்ற் பாருங்கள். பல கார்களில் பிளஸ் றிலே வழியாக நேரே மோட்டருக்கு வரும், வேகத்தைக் கட்டுப்படுத்துவது மைனஸ் பக்கம். அதனால் ஒரு பின்னை மட்டும் காரின் பொடியோடு (இரும்பு உடம்போடு) வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். றெசிஸ்ரர் அறுந்திருக்கும்போது 1இல் வைத்து அளந்து பாருங்கள்: இரண்டு பின்னிலும் 12 காட்டும், குறுக்கே பூச்சியம்.


சுன்னாகத்தான்

சோலார் பூட்டுகிற ஒரு நண்பரிடம் டிசி கிளாம்ப் இருந்தது. எஞ்சின் ஓட்டத்தில், 4இல்: குறுக்கே 13.1 வோல்ற், 17 அம்பியர். நீங்கள் சொன்ன மாதிரி 1இல் இரண்டு பின்னிலும் 12 காட்டியது. அதைக் கண்ணால் கண்டபோதுதான் விளங்கியது.

மோட்டரைக் கழற்றினேன். அடியில் மூன்று ஆணி, ஒரு பிளக். மேசையில் வைத்துச் சில்லைச் சுற்றிவிட்டால் அரைச் சுற்றோடு நிற்கிறது. மூடியைத் திறந்தபோது கறுப்புத் தூள் கொட்டியது. காபன் இரண்டில் ஒன்று 4 மில்லிமீற்றர்தான் மிச்சம். காபன் உரசுகிற செப்பு வளையத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். தண்டைப் புஷ்ஷுக்குள் அசைத்தால் பக்கவாட்டில் ஆடுகிறது, அதே நேரத்தில் இறுகுகிறது. கிறைண்டர் காபன் ஒரு சோடி வீட்டில் இருக்கிறது, பழைய ஒஸ்ரின் ஐயா சொன்னது போல ராவிப் போடலாமா?


கோண்டாவில் வயர்மன்

வேண்டாம். கிறைண்டர் காபன் 230 வோல்றுக்குச் செய்தது, தடை கூட. 12 வோல்ற் மோட்டரின் காபனில் செப்புத் தூள் கலந்திருக்கும், உற்றுப் பார்த்தால் சற்றுச் செம்பு நிறமாக மினுங்கும். குறைந்த வோல்றில் அவ்வளவு அம்பியரைக் கடத்த அந்தச் செப்பு வேண்டும். மாற்றிப் போட்டால் காபனே சூடேறி ஸ்பிரிங்கைக் கெடுக்கும். அதோடு உங்கள் புஷ்ஷும் செப்பு வளையமும் போய்விட்டன. எண்ணெய் விட்டால் பத்து நாள் ஓடும். இந்த மோட்டரைத் திருத்துவதில் பயனில்லை.


பழைய ஒஸ்ரின்

வயர்மன் சொல்வது சரி. நாங்கள் அன்று ராவிப் போட்டது வேறு வழி இல்லாததால். இன்று வழி இருக்கிறது.


வடமராட்சியான்

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பான் கார்களில் கழற்றின மோட்டர் கிடைக்கும். கொழும்பு போகிற ஆள் யாரிடமாவது பழையதைக் கொடுத்துவிடுங்கள், போட்டோ காணாது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள், அதுவரைக்கும் எல்லோரும் பழைய காரையே திருத்தி ஓட்டியதால் நல்ல சாமான் கெதியாக முடிந்துவிட்டது. வாங்குகிறவர் கடையிலேயே ஒரு பற்றறியில் வைத்து ஓடவிட்டு, சத்தம் கேட்டு வாங்க வேண்டும்.

பிற்குறிப்பு: நானும் என்னுடைய செப்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புது றெசிஸ்ரர் பூட்டிவிட்டேன்.


சுன்னாகத்தான்

மோட்டர் வந்து பூட்டியாயிற்று. உடம்பும் சில்லும் அதேதான், பிளக் மட்டும் வேறு, அதனால் என் பழைய பிளக்கை வெட்டி ஒட்டினேன். சத்தமில்லாமல் ஓடுகிறது. ஆனால் ஒரு சந்தேகம்: காற்று முன்னரை விடக் குறைவு. 4இல் வைத்தாலும் பழைய 2 மாதிரித்தான் வருகிறது. பில்ரரைக் கழற்றிவிட்டும் பார்த்தேன், அதேதான்.


பனிநாட்டான்

வயர் இரண்டும் மாறிவிட்டதோ?


கோண்டாவில் வயர்மன்

அதுவேதான். டிசி மோட்டரில் பிளஸ், மைனஸ் மாறினால் பின்பக்கமாகச் சுற்றும். மேசை விசிறி என்றால் காற்றுப் பின்னால் போகும், உடனே கண்டுபிடிக்கலாம். இந்த உருளைச் சில்லு எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை வெளிப்பக்கமாகத்தான் வீசும், அதனால் காற்று வரத்தான் செய்யும். ஆனால் செட்டையின் வளைவு எதிர்ப்பக்கம் ஆகிவிடுவதால் வேகம் இருக்காது. மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். முறுக்கி ரேப் சுற்றிவிட வேண்டாம், ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள்.


சுன்னாகத்தான்

வயரை மாற்றினேன். 4இல் வைத்தபோது டாஷ்போட்டில் கிடந்த கிளினிக் துண்டு பின் கதிரைக்குப் பறந்தது! 4இல் இப்போது 11 அம்பியர். புது றெசிஸ்ரரும் பூட்டியாயிற்று. 1இல் அரை மணித்தியாலம் ஓடவிட்டு றெசிஸ்ரரின் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும்தான். நேற்று அம்மாவோடு ஆனையிறவு தாண்டிப் பரந்தன் வரைக்கும் போய் வந்தோம். உச்சி வெயில். அம்மா வழியிலேயே நித்திரையாகிவிட்டார்.


மல்லாகம் ரீச்சர்

எனக்கும் சரிவந்தது. ரான்சிஸ்ரர்தான், மாற்றினோம். திருத்துவதற்கு வைத்திருந்த இரண்டு நாளும் புளோவர் இல்லாமல் மழைக்குள் ஓடினேன், முன்கண்ணாடி புகாராகி எதிரே சைக்கிளில் வருகிறவரைத் தெரியவில்லை. மிகவும் பயந்துபோனேன். மாரி வரப் போகிறது, அப்படி யாருக்காவது நடந்தால் என்ன செய்வது?


கோண்டாவில் வயர்மன்

ரீச்சர், புளோவர் இல்லையென்றால் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, மெதுவாக ஓடி, முதல் கிடைக்கிற இடத்தில் ஓரங்கட்டுங்கள். உள்ளே ஈரக் குடை, நனைந்த கால்மிதி வைக்க வேண்டாம். புளோவர் இருந்தால் மழைக்கும் ஏசியைப் போடுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும், கண்ணாடி ஒரு நிமிடத்தில் தெளியும். அந்த நேரம் வெளிக்காற்று எடுக்கும் பக்கம் வையுங்கள், உட்காற்றையே சுற்றவிட்டால் புகார் கூடும்.

கார் நிற்கும்போது மட்டும் மறுபக்கம். சுன்னாகத் தம்பியும் கவனியுங்கள்: இரவில் நிறுத்த முதல் உட்காற்றுப் பக்கம் மாற்றிவிட்டுச் சாவியை எடுங்கள். வெளிக்காற்று வாசல் மூடிக்கொள்ளும், எலிக்கும் சருகுக்கும் அதுதான் வழி.


சுன்னாகத்தான்

செய்கிறேன் அண்ணை. வைப்பருக்குக் கீழே காற்று எடுக்கும் இடத்துக்கும் சின்னக் கண் இரும்பு வலை வெட்டிப் போட்டுவிட்டேன். வேப்பமரத்தை வெட்ட அம்மா விடமாட்டார், எனக்கும் மனமில்லை, காரைத்தான் கிணற்றடிப் பக்கம் மாற்றி நிறுத்துகிறேன்.


பழைய ஒஸ்ரின்

தம்பி, அந்தப் பழைய மோட்டரை எறிந்துவிட்டீர்களா? புஷ் இரண்டையும் தட்டி எடுத்துப் புதிதாகக் கடைந்து போட்டுப் பார்க்க ஆசை. நான் இருப்பது இணுவில்தான்.


சுன்னாகத்தான்

இருக்கிறது ஐயா, எறியவில்லை. கொட்டின காபன் தூளைத் துடைத்து ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், கழற்றின மூன்று ஆணியும் அதற்குள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுவருகிறேன்.